சீனி உருண்டைக்குள் என்ன இருக்கிறது? ஹோமியோபதி: ஓர் அறிமுகமும் ஓயாத விவாதமும்

தஞ்சோங் டாவாயிலிருந்து பீடோங், சுங்கை பட்டாணி வரை எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் யோசனைகளுக்குப் பஞ்சமிருக்காது. ஒருவர் கிளினிக்கிற்குப் போகச் சொல்வார். இன்னொருவர் கஷாயம் வைக்கச் சொல்வார். மூன்றாமவர், "ஹோமியோபதி பாருங்கள், பக்க விளைவே கிடையாது" என்பார்.

இந்த மூன்றாவது மருத்துவத்தைப் பற்றித்தான் நம்மிடையே தெளிவு குறைவு. பலர் இதைச் சித்த மருத்துவத்தின் ஒரு பிரிவு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மருந்துப் பெட்டியில் இந்திய முகவரி இருப்பதும் அந்த எண்ணத்தை வலுப்படுத்துகிறது. ஆனால் சித்த மருத்துவத்துக்கும் ஆயுர்வேதத்துக்கும் ஹோமியோபதிக்கும் எந்த உறவும் இல்லை. அவை நம் மண்ணின் மூலிகைகளையும் உலோகங்களையும் கண்ணுக்குத் தெரியும் அளவில் கொடுப்பவை. ஹோமியோபதி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் உருவானது.

எல்லாம் ஒரு மரப்பட்டையில் தொடங்கியது

சாமுவேல் ஹானிமன் 1755-ல் ஜெர்மனியின் மெய்சன் நகரில் பிறந்தவர். முறையாக மருத்துவம் படித்தவர். அக்கால மருத்துவம் நோயாளியின் நரம்பை வெட்டி இரத்தத்தை வடிப்பதும், பாதரசம் கொடுப்பதும், பேதியாக்குவதுமாக இருந்தது. அது பிடிக்காமல் ஹானிமன் தொழிலை ஒதுக்கிவைத்து, நூல் மொழிபெயர்ப்பில் பிழைத்தார்.

1790-ல் ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லனின் நூலை மொழிபெயர்க்கும்போது, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்ட சிங்கோனா மரப்பட்டையைப் பற்றிய விளக்கம் அவருக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை. பட்டையைத் தாமே உட்கொண்டு பார்த்தார். நோயில்லாத தம் உடம்பில் குளிர்காய்ச்சல் போன்ற அறிகுறிகள் தோன்றியதாக எழுதினார். அதிலிருந்து அவர் எட்டிய முடிவு இதுதான்: நலமாக இருப்பவருக்கு எது ஒரு நோயின் அறிகுறிகளைத் தருகிறதோ, அதுவே அந்த நோயாளியைக் குணப்படுத்தும். 'ஒத்ததை ஒத்தது குணமாக்கும்' என்ற இந்தக் கொள்கையை 1796-ல் கட்டுரையாகவும், 1810-ல் 'ஆர்கனான்' என்ற நூலாகவும் வெளியிட்டார். 1843-ல் பாரிசில் காலமானார்.

அந்தச் சிங்கோனாப் பட்டை நம் தோட்டப்புற வரலாற்றுக்கும் சொந்தமானது. 1820-ல் பிரான்சின் பெல்லத்தியே, காவந்து என்ற இருவர் அந்தப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். நம் பாட்டன் பாட்டிகள் 'கொயினா' என்று அழைத்தது இதைத்தான். காடழித்து ரப்பர் நட்ட காலத்தில் மலாயாத் தோட்டங்களில் மலேரியா கொத்துக் கொத்தாக உயிர்களைப் பறித்தது. காலைப் பெரட்டில் தொழிலாளர்களை வரிசையில் நிற்கவைத்து, கசக்கும் கொயினாவை விழுங்கச் செய்யும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. கிள்ளானில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி, கொசுவைக் கட்டுப்படுத்தி, மலேரியாவைக் குறைத்துக் காட்டினார்.

ஆக, ஒரே பட்டையிலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. ஒன்று பட்டையில் உள்ள பொருள் என்ன, எந்த அளவு கொடுத்தால் காய்ச்சல் தணிகிறது, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணிப் பார்த்தது. மற்றது மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டே போனது.

மருந்து எப்படித் தயாராகிறது?

ஹோமியோபதியில் மூலப்பொருள் செடி, உப்பு, உலோகம், பாம்பு விஷம் என எதுவாகவும் இருக்கலாம். அதை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுப்பது தாய்த் திரவம். அதில் 1 பங்கை 99 பங்கு நீர் அல்லது ஆல்கஹாலுடன் கலந்து பலமாகக் குலுக்கினால் 1சி வீரியம். அதிலிருந்து 1 பங்கை எடுத்து மறுபடியும் 99 பங்குடன் கலந்து குலுக்கினால் 2சி. இப்படியே 30 முறை செய்தால், கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 30சி. கடைசியில் கிடைக்கும் திரவத்தைச் சீனி உருண்டைகளின் மேல் தெளித்துக் காயவைக்கிறார்கள். நீர்க்க நீர்க்க, குலுக்கக் குலுக்க மருந்தின் வீரியம் கூடும் என்பது ஹோமியோபதியின் நம்பிக்கை. சமையலறையிலோ வயல்வெளியிலோ நாம் கண்டறிந்த எதற்கும் நேர் எதிரான கருத்து இது. உப்பைக் குறைத்தால் கறி உப்புக் கரிப்பதில்லை.

30சி என்றால் எவ்வளவு நீர்த்தது? அதுவரை போக வேண்டியதே இல்லை, 12சி-யைப் பார்த்தாலே போதும். தஞ்சோங் டாவாயில் மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் 1 மில்லி லிட்டர் மருந்தை, ஏறத்தாழ 20 சொட்டை, ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். அது மலாக்கா நீரிணையில் மட்டுமன்றி உலகத்தின் எல்லாப் பெருங்கடல்களிலும் ஒரே சீராகக் கலந்துவிட்டால் கிடைப்பதுதான் கிட்டத்தட்ட 12சி. 13சி-க்கு அதுபோல் 100 உலகங்களின் கடல் வேண்டும். 30சி-யை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வேதியியலும் இதையே சொல்கிறது. எந்தப் பொருளையும் பிரித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஒற்றை மூலக்கூறுதான் மிஞ்சும். ஏறத்தாழ 12சி-யைத் தாண்டினால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு கூட எஞ்சியிருக்க வாய்ப்பில்லை. மூலக்கூறு இல்லாவிட்டாலும் அதன் 'நினைவு' நீரில் தங்குகிறது என்று ஹோமியோபதி ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். 1988-ல் பிரெஞ்சு ஆய்வாளர் ஜாக் பென்வனிஸ்த் இதற்கு ஆதரவான முடிவுகளை 'நேச்சர்' இதழில் வெளியிட்டபோது உலகமே பரபரத்தது. இதழின் ஆசிரியர் ஜான் மேடாக்ஸ் சும்மா இருக்கவில்லை. மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டியையும் அழைத்துக்கொண்டு நேராக அந்த ஆய்வுக்கூடத்துக்கே போனார். எந்தக் குழாயில் மருந்து, எதில் வெறும் நீர் என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியாதபடி மறைத்துச் சோதனையைத் திரும்பச் செய்தபோது, அந்த விளைவு காணாமல் போனது.

கல்கத்தா வழியாக மலாயாவுக்கு

இப்படிப்பட்ட மருத்துவம் எப்படி உலகம் முழுவதும் பரவியது? இதில் ஆச்சரியமில்லை. இரத்தம் வடிப்பதும் பாதரசம் கொடுப்பதும் மருத்துவமாக இருந்த காலத்தில், ஒன்றும் செய்யாத சீனி உருண்டை உண்மையிலேயே பாதுகாப்பானது. 1854-ல் லண்டனில் காலரா பரவியபோது அங்குள்ள ஹோமியோபதி மருத்துவமனையில் இறப்பு விகிதம் மற்ற மருத்துவமனைகளைவிடக் குறைவாக இருந்ததை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். உடம்பில் நீர் வற்றிய நோயாளியிடமிருந்து மற்றவர்கள் இரத்தத்தையும் வடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

இந்தியாவில் இதற்கு வேரூன்றிய இடம் வங்காளம். ஆங்கில மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்ற மகேந்திரலால் சர்க்கார் 1867-ல் பகிரங்கமாக ஹோமியோபதிக்கு மாறி, சக மருத்துவர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். அதே மனிதர்தான் 1876-ல் கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். சர் சி.வி. ராமன் 1928-ல் தம் புகழ்பெற்ற கண்டுபிடிப்பைச் செய்தது அந்தக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில்தான். வரலாறு நமக்கு வசதியாக நல்லவர், கெட்டவர் என்று பிரித்துத் தருவதில்லை.

பிறகு இந்திய அரசு 1973-ல் தனிச் சட்டம் இயற்றி ஹோமியோபதிக் கல்வியை முறைப்படுத்தியது. மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் 1975 முதல் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கு ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் பெறுகிறார்கள். ஆகவே, இந்தியாவில் ஹோமியோபதி மருத்துவர் என்றால் உடற்கூறியலும் நோயியலும் படித்தவர் என்பது உண்மை. அவர் என்ன படித்தார் என்பது ஒரு கேள்வி, அவர் தரும் மருந்து வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி.

மலாயாவில் ஹோமியோபதி என்றதும் நினைவுக்கு வரவேண்டிய பெயர் டாக்டர் புர்ஹானுடின் அல்-ஹெல்மி. 1911-ல் பேராக்கில் பிறந்து, இந்தியாவுக்குச் சென்று ஹோமியோபதி கற்றவர். விடுதலைப் போராட்டக் காலத்தில் மலாய் தேசியக் கட்சியை வழிநடத்தி, 1956 முதல் 1969 வரை பாஸ் கட்சியின் தலைவராக இருந்தார். அரசியல் தலைவராக அவரை அறிந்த பலருக்கு அவர் சிகிச்சை அளித்த முறை எதுவென்று தெரியாது. இந்தியாவிலிருந்து வந்தது என்றாலும் இந்நாட்டில் ஹோமியோபதி இந்தியர்களோடு மட்டும் நின்றுவிடவில்லை, மலாய்க்காரர்களிடையே ஆழமாக வேரூன்றியது.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் (சட்டம் 775) ஹோமியோபதியை அங்கீகரிக்கப்பட்ட துறைகளில் ஒன்றாகச் சேர்த்துள்ளது. மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள், கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவ முறை ஆகியவை மற்றவை. இத்துறைகளில் சிகிச்சை அளிப்பவர்கள் சுகாதார அமைச்சின் கீழுள்ள மன்றத்தில் பதிந்துகொள்ள வேண்டும். சைபர்ஜெயாவில் ஹோமியோபதிக்கான இளங்கலைப் பட்டப் படிப்பும் நடத்தப்பட்டு வந்தது.

இங்கேதான் ஒரு குழப்பம். "அரசாங்கமே அங்கீகரித்திருக்கிறது, அப்படியானால் மருந்து வேலை செய்கிறது என்றுதானே பொருள்?" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கீகாரம் என்பது யார் சிகிச்சை அளிக்கலாம், தவறு செய்தால் யாரிடம் புகார் செய்யலாம் என்பதை வரையறுக்கிறது. மருந்தின் பலனுக்கு அது சான்றிதழ் ஆகாது. மாறாக, 1956-ஆம் ஆண்டின் மருந்து (விளம்பரம், விற்பனை) சட்டம் நீரிழிவு, இருதய நோய், புற்றுநோய், ஆஸ்துமா, சிறுநீரக நோய், காசநோய் உட்பட 20 நோய்களைக் குணப்படுத்துவதாக எந்த மருந்துக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யத் தடை விதிக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் 'இனிப்புநீருக்கு நிரந்தரத் தீர்வு' விளம்பரங்களை இந்தச் சட்டத்தை மனத்தில் வைத்துப் படிக்கலாம்.

ஆதாரம் எங்கே?

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதை அறியும் வழி எளிது. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றதற்கு அதேபோல் தோன்றும் வெறும் மாத்திரையும் தரவேண்டும். யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது, வாங்குபவருக்கும் தெரியக்கூடாது. உலகின் ஆரம்பகாலச் சோதனைகளில் ஒன்று ஹோமியோபதியைப் பற்றியதாகவே அமைந்தது. 1835-ல் நியூரம்பெர்க் நகரில் உப்பின் 30சி கரைசலையும் வெறும் பனிநீரையும் ஒரே மாதிரியான புட்டிகளில் அடைத்து, கலைத்து, மக்களிடம் கொடுத்தார்கள். முடிவைத் தெரிவித்த 50 பேரில் 42 பேர் எதையும் உணரவில்லை. ஏதோ உணர்ந்ததாகச் சொன்ன 8 பேரில் 5 பேர் குடித்தது மருந்து, 3 பேர் குடித்தது பனிநீர்.

அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்துவிட்டன. 1997-ல் கிளவுஸ் லிண்டே குழுவினர் 89 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 'லான்செட்' இதழில் வெளியிட்ட முடிவு ஹோமியோபதிக்குச் சாதகமாகவே இருந்தது. ஆதரவாளர்கள் இன்றும் காட்டுவது அதைத்தான். ஆனால் எந்த ஒரு குறிப்பிட்ட நோய்க்கும் அது தெளிவாகப் பலன் தருவதாகக் காணவில்லை என்று அதே கட்டுரை சொன்னது. 1999-ல் அதே குழுவினர், ஆய்வின் தரம் கூடக் கூட ஹோமியோபதியின் பலன் குறைகிறது என்று எழுதினார்கள். 2005-ல் அதே இதழில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 110 ஹோமியோபதி ஆய்வுகளை 110 நவீன மருத்துவ ஆய்வுகளுடன் ஒப்பிட்டு, ஹோமியோபதியின் பலன் வெறும் மாத்திரையின் பலனுக்கு ஒப்பானதே என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம் 2015-ல் 61 உடல்நலக் கோளாறுகளைப் பற்றிய 176 ஆய்வுகளைப் பரிசீலித்தது. ஹோமியோபதி பலனளிக்கிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் எந்த ஒன்றிலும் இல்லை என்றது. பிரான்சில் 2021 ஜனவரி முதல் ஹோமியோபதி மருந்துக்கு அரசுக் காப்புறுதி பணம் கொடுப்பதில்லை.

ஹோமியோபதித் தரப்பு இதை ஏற்கவில்லை. ஆஸ்திரேலிய மன்றம் 150 பேருக்குக் குறைவானோர் பங்கேற்ற ஆய்வுகளை நம்பத்தக்கவையாகக் கொள்ளாதது நியாயமற்றது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. ஒரே தலைவலிக்கு ஆளுக்கு ஆள் வெவ்வேறு மருந்து கொடுக்கும் முறையை, எல்லாருக்கும் ஒரே மருந்து என்ற சோதனையில் அளக்க முடியாது என்றும் சொல்கிறார்கள். இந்த இரண்டாவது வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கும் வழி இருக்கிறது: மருத்துவர் ஆளுக்கேற்ற மருந்தை எழுதட்டும், கொடுக்கும்போது மட்டும் பாதிப் பேருக்கு வெறும் உருண்டையைக் கொடுக்கலாம். அப்படிச் செய்யப்பட்ட ஆய்வுகளை பிரிட்டிஷ் ஹோமியோபதி சங்கத்தைச் சேர்ந்த ராபர்ட் மேத்தியின் குழுவே 2014-ல் தொகுத்தது. சிறிய பலன் இருக்கலாம் என்றது. தகுதிபெற்ற 32 ஆய்வுகளில் நம்பகமானவை 3 மட்டுமே என்றும், எனவே எச்சரிக்கையாக அணுக வேண்டும் என்றும் அதுவே ஒப்புக்கொண்டது.

அப்படியானால் குணமானவர்கள் பொய் சொல்கிறார்களா?

இல்லை. குணமானது உண்மைதான். எதனால் என்பதில்தான் கேள்வி. சளி ஒரு வாரத்தில் போய்விடும். குழந்தைகளின் மருக்கள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தாமாக மறையும். மூட்டுவலியும் ஒவ்வாமையும் ஏறி இறங்கும் இயல்புடையவை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்து தேடுகிறோம். அதற்குப் பிறகு வலி இறங்கத்தான் செய்யும். இறங்கும்போது கையில் இருந்த மருந்துக்குப் பெயர் போய்ச் சேருகிறது.

இன்னொன்றும் உண்டு. கவர்மெண்ட் கிளினிக்கில் காலை முழுக்கக் காத்திருந்து டாக்டரிடம் சில நிமிடங்கள் பேசிவிட்டு வருபவருக்கு, ஹோமியோபதி மருத்துவர் முக்கால் மணி நேரம் உட்காரவைத்து, தூக்கம் எப்படி, கனவு வருமா, புளிப்பு பிடிக்குமா, மனத்தில் என்ன கவலை என்று விசாரிப்பது பெரிய விஷயம். இதன் பலனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 83 முடக்குவாத நோயாளிகளிடம் நடத்தி 2011-ல் வெளியான ஆய்வில், சிலருக்கு ஹோமியோபதி மருத்துவருடன் உரையாடல் இருந்தது, சிலருக்கு இல்லை. சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் மாத்திரை. உரையாடல் கிடைத்தவர்களுக்கு நோயின் தொல்லை குறைந்தது. அவர்கள் விழுங்கியது மருந்தா வெறும் மாத்திரையா என்பதால் எந்த வித்தியாசமும் ஏற்படவில்லை.

நம் கிளினிக்குகள் இந்த ஆய்விலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது ஹோமியோபதிக்காரர்களைவிட அதிகம்.

ஆபத்து எங்கே வருகிறது?

சீனி உருண்டை தீங்கு செய்யாது என்பது பெரும்பாலும் சரி. முழுவதும் சரியல்ல. தாய்த் திரவத்திலும் குறைந்த வீரியங்களிலும் மூலப்பொருள் உண்மையாகவே இருக்கும். குழந்தைகளுக்குப் பல் முளைக்கும் காலத்தில் கொடுக்கும் ஹோமியோபதி மாத்திரைகளில் பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் அளவு தாறுமாறாக இருந்ததை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல் அறிவித்தது.

பெரிய ஆபத்து மருந்தில் இல்லை, கைவிட்டுப் போகும் நேரத்தில் இருக்கிறது. மலேரியா, காசநோய், எய்ட்ஸ், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு ஹோமியோபதியை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-ல் எச்சரித்தது. சிட்னியில் கடுமையான தோல் அழற்சிக்கு ஹோமியோபதியை மட்டுமே நம்பியதால் 9 மாதக் குழந்தை ஒன்று 2002-ல் இறந்தது. பெற்றோர் 2009-ல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். தந்தையே ஒரு ஹோமியோபதி மருத்துவர்.

நம் வட்டாரத்துக்கு மிக நெருக்கமான ஆபத்து டிங்கி. இந்தக் காய்ச்சல் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் இறங்கும். "மருந்து கேட்டுவிட்டது" என்று குடும்பம் நிம்மதி அடையும் அதே நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போகும் ஆபத்து இருக்கிறது. காய்ச்சல் விட்ட பிறகு கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், சோர்ந்து சுருண்டு கிடப்பது, இருப்புக் கொள்ளாமல் தவிப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும், தஞ்சோங் டாவாயில் இருப்பவர் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். எந்த உருண்டையும் அங்கே ஏற்றப்படும் நீருக்கும் எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனைக்கும் ஈடாகாது.

அடுத்தது இனிப்புநீர். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இது அறிகுறி காட்டாமல் சிறுநீரகத்தையும் கண்ணையும் காலையும் அரிக்கும் நோய். நன்றாகத் தூங்குகிறேன், அசதி இல்லை என்பதை வைத்து இதை அளக்க முடியாது. கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டணத்தில் கிடைக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஹோமியோபதிக்கு மாறுபவர், நலமாக உணர்ந்துகொண்டே கெட்டுப்போக முடியும். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் மருந்தையும் இரத்த அழுத்த மாத்திரையையும் இதே பட்டியலில் சேர்க்கலாம்.

இதையெல்லாம் அறிந்த பிறகும் ஹோமியோபதி பார்க்க விரும்புபவர்கள் இருப்பார்கள். அவர்கள் செய்யக்கூடியவை சில. சிகிச்சை அளிப்பவர் சட்டம் 775-இன் கீழ் பதிந்தவரா என்று கேட்கலாம். பதிந்தவர் சான்றிதழைக் காட்டத் தயங்கமாட்டார். பெட்டியில் அடைத்து விற்கும் மருந்தாக இருந்தால் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்தச் சொன்னால், நிறுத்துவதற்கு முன் அந்த மாத்திரையை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். கிளினிக்கிற்குப் போகும்போது ஹோமியோபதிப் புட்டியையும் கையோடு எடுத்துச் சென்று காட்டுவது நல்லது. அதில் எழுதியிருப்பது 30சி-யா, தாய்த் திரவமா என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டிய தகவல்.